கடாரத்து மன்னர்கள்



கடாரம் என்றவுடன் நம் நினைவிற்கு வருபவன் 'கடாரங்கொண்டான்' எனப் புகழ்பெற்ற முதலாம் இராசேந்திர சோழனே ஆவான். வென்றவன் பெயரை நாம் மறப்பதில்லை. ஆனால், வெல்லப்பட்ட மன்னன் யார்? அவனுடைய நாடு எத்தகையது? இவ்வினாக்களை நம்மில் எத்தனை பேர் எழுப்பியிருப்போம்? நாம் வாழும் இம்மலேசிய மண்ணின் பண்டைய வரலாறு அதில் அடங்கியுள்ளது.

கிள்ளான் துறைமுகத்திலிருந்து மலாக்கா நீரிணை வழியே வடக்கு நோக்கிச் சென்றால், கெடா மாநிலத்தின் ஜெராய் மலை தென்படும். ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரமுள்ள அம்மலை, வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்குக் கரையைக் காட்டும் அடையாளமாக விளங்கியது. அதன் அடிவாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கே பழைய கடாரம். பட்டினப்பாலை என்னும் சங்க நூலில், காவிரிப்பூம்பட்டினத்து வீதிகளில் குவிந்திருந்த பொருள்களுள் காழகத்துப் பொருளும் கூறப்படுகிறது. காழகம் என்பது கடாரமே என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கருத்து. ஏழாம் நூற்றாண்டில் நாளந்தாவிற்குச் சென்ற சீனத் துறவி இத்சிங்கும் இவ்வழியே சென்றார்.

கடாரத்து மன்னர்கள் தங்களைப்பற்றி எழுதிவைத்தவை மிகச் சில. வட ஆப்பிரிக்காவின் பெர்பெர் மன்னன் மசினிசாவைப் பற்றி நாம் பெரும்பாலும் உரோமர் எழுதிய நூல்களால் அறிகிறோம். அதுபோலவே கடாரத்து மன்னர்களையும் சோழர் கல்வெட்டுகள், செப்பேடுகள், சீனர் குறிப்புகள் ஆகியவற்றின் வாயிலாகவே அறிகிறோம்.

அச்சான்றுகள் முதலில் காட்டுவது பகையன்று, நட்பே. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட சூளாமணிவர்மன், முதலாம் இராசராச சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதனை முடித்தான். அதுவே சூடாமணி விகாரம். சிவபக்தனாகிய இராசராசன், 1006-ஆம் ஆண்டளவில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அவ்விகாரத்திற்கு அளித்தான். இச்செய்தியைக் கூறும் ஆனைமங்கலச் செப்பேடுகள் பின்னாளில் நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரை அடைந்ததால், லெய்டன் செப்பேடுகள் என்றும் பெயர் பெற்றன.

இருபது ஆண்டுகளுக்குள் காட்சி மாறியது. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திரனின் கப்பற்படை கடல் கடந்து வந்தது. மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான். அவனுடைய யானைப்படையும் பெருஞ்செல்வமும் சோழர் வசமாயின. சீனத்துடன் நடந்த கடல் வாணிகத்தில் எழுந்த போட்டியே போருக்குக் காரணமாயிருக்கலாம் என்பர் அறிஞர். ஆயினும் பகை நிலைக்கவில்லை. 1090-ஆம் ஆண்டில், கடாரத்து மன்னனின் தூதர்கள் வேண்டியதற்கு இணங்க, முதலாம் குலோத்துங்க சோழன் அவ்விகாரத்திற்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்தான். போர் நடந்தது. உறவோ அதற்கு முன்பும் இருந்தது, பின்பும் தொடர்ந்தது.

இவ்வரலாற்றுக்குக் கெடா மண்ணும் சான்று பகர்கிறது. 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் பூஜாங் பள்ளத்தாக்கில் பல கோயில்களின் அடித்தளங்களைக் கண்டறிந்தனர். மெர்போக்கில் புக்கிட் பத்து பாகாட் கோயிலின் கற்கள் 1960-ஆம் ஆண்டளவில் மீண்டும் அடுக்கி நிறுத்தப்பட்டன. 2009-ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. ஒரு நாட்டின் பெருமை மன்னரால் மட்டும் வருவதன்று. உலையில் காற்றூதிய உழைப்பாளியாலும் வருவதாகும் என்பதை இவை உணர்த்துகின்றன.

ஆனால், 2013-ஆம் ஆண்டில் அப்பகுதியின் பதினோராம் எண் கோயிலின் எச்சம், நிலம் திருத்தும் பணியில் இடித்து அகற்றப்பட்டது. நூற்றாண்டுகள் மண்ணுக்குள் தாங்கி நின்ற அடித்தளம், இயந்திரத்தின் முன் தாங்கவில்லை. கல்லின் மதிப்பை அறியாதவிடத்து, அது வெறுங்கல்லே.

ஆதலால் பெற்றோர்களே, தோட்டப் பெருமக்களே! மண்ணை வெட்டுவோர் கண்ணில்தான் பழம்பொருள்கள் முதலில் படுகின்றன. செதுக்கிய கல்லோ, பழைய செங்கற் சுவரோ தென்பட்டால், வெட்டுவதை நிறுத்தி அரும்பொருளகத்தார்க்குத் தெரிவிப்போம். மாணவர்களே, பள்ளிச் சுற்றுலா செல்லுங்கால் மெர்போக் அரும்பொருளகத்தையும் கண்டு வருவோம். கடாரம் கொண்டவனைப் போற்றும் நாம், கடாரத்தை ஆண்டவர்களையும் அங்கே உழைத்தவர்களையும் அறிந்து போற்றுவோமாக!