பின்னால் ஒரு வீட்டைக் கட்டி இழுக்குமுன்

கணியம்பாடி

அன்புள்ள முகிலனுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பியதை உன் அப்பா போனில் படித்துக் காட்டினான். நார்த்தாம்ப்டனில் உன்னோடு வேலை செய்பவர் தன் கேரவனை ஆகஸ்டில் இரவல் தருகிறார், நீயும் மருமகளும் குழந்தையும் அதைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு பிரான்ஸின் தென்கடற்கரை வரை போகிறீர்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் உன் ஒன்பது வருஷ டீசல் கார் நடுவழியில் படுத்துவிடுமோ என்று உனக்குத் தூக்கம் வரவில்லையாம். அந்த மாடலில் கியர்பாக்ஸ் சீக்கிரம் போகும் என்று யாரோ சொன்னார்கள், டர்போ போகும் என்று இன்னொருவர் சொன்னார், பேசாமல் இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கிவிடவா என்று கேட்கிறாய்.

இவ்வளவு கேட்டவன் எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான் எனக்கு ஆச்சரியம். நீ தோல் பதனிடப் படித்தவன். டிரம்மில் தோலைப் போட்டதும் முதல் வேலையாக எடையைக் கேட்பாய்; அந்த எடைக்கு இத்தனை சதவீதம் தண்ணீர், இத்தனை உப்பு, இத்தனை குரோம் என்று கணக்குப் போடுவாய். ஆம்பூரில் ஒரு மேஸ்திரி எடை பார்க்காமல் கெமிக்கல் கொட்டினால் அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காரும் அதே கணக்குதான். தாங்குமா என்பதைப் பிறகு பேசலாம், முதலில் எதைத் தாங்கச் சொல்கிறோம் என்பதைப் பார்.

உன் கார் காலியாக 1,500 கிலோ என்று எழுதியிருக்கிறாய். கேரவன், சாமான் ஏற்றியபின், காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று அந்த ஊரில் கேரவன் இழுப்பவர்கள் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். அது சட்டம் இல்லை, பழக்கத்தில் வந்த அளவு. புதிதாக இழுப்பவன் மீறக் கூடாது. உனக்கு அது 1,275 கிலோ. நண்பரின் கேரவனுக்கு அனுமதித்த அதிகபட்ச எடை 1,200 என்கிறாய், அதனால் தேறுகிறது. இத்தோடு விட்டுவிடாதே. காரும் கேரவனும் சேர்ந்து எவ்வளவு எடை போகலாம் என்று கார் கம்பெனிக்காரன் ஒரு தகட்டில் அடித்து வைத்திருப்பான், கதவுத் தூணிலோ இன்ஜின் பக்கமோ தேடிப் பார். பல பேர் ஏமாறுவது இன்னொரு இடத்தில். காலி கேரவன் 1,050 கிலோ என்றால் நீ ஏற்றக்கூடியது வெறும் 150 கிலோ. கூடாரத் துணி, கேஸ் சிலிண்டர், மடக்கு நாற்காலி, குழந்தையின் சைக்கிள், மருமகள் எடுத்துவரும் குக்கர், அரிசி எல்லாம் அந்த 150-க்குள் அடங்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஓட்டாதே, 40 லிட்டர் என்றால் 40 கிலோ. போய்ச் சேர்ந்த இடத்தில் பிடித்துக்கொள்ளலாம். எல்லாம் ஏற்றியபின் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடு. நம் ஊரில் கரும்பு வண்டியே எடைமேடை ஏறாமல் ஆலைக்குள் போகாது.

எடையைப் போலவே அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். கரும்பு டிராக்டர் நம் பட்டறை வாசலைத் தாண்டிப் போவதைச் சின்ன வயசில் எத்தனையோ தடவை பார்த்திருப்பாய். பாரம் டிரெய்லரின் பின்பக்கம் சரிந்துவிட்டால் மூக்கு மேலே எம்பும், இழுக்கிற வண்டியின் பின்வீல் பிடிப்பை விட்டுவிடும், வால் இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். முன்பக்கம் அளவுக்கு மீறி அழுத்தினால் டிராக்டரின் முன்வீல் தரையை விட்டுக் கிளம்பும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. டிராக்டர் போகிற வேகத்தில் இரண்டையும் சமாளித்துவிடலாம். 90 கிலோமீட்டர் வேகத்தில் முடியாது. அதனால் கனமானதெல்லாம் கேரவனின் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக இருக்கட்டும். லேசானதை மேல் அலமாரியில் வை. பின்சுவரில் சைக்கிள் மாட்டும் ஆசை இருந்தால் விட்டுவிடு.

கொக்கியின் மேல் இறங்கும் எடை, கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். உன் கணக்கில் 60-லிருந்து 84 கிலோ. உன் காரின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்று அதன் தகட்டிலேயே இருக்கும், அந்த எண் குறைவாக இருந்தால் அதுதான் உன் எல்லை. அளக்க விசேஷக் கருவி எதுவும் வேண்டாம். கேரவன் சக்கரங்களுக்குக் கட்டை போடு. வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு மரத்துண்டைச் செங்குத்தாக நிறுத்து. காரில் மாட்டினால் எந்த உயரத்தில் நிற்குமோ அந்த உயரத்துக்கு மரத்துண்டை அறுத்துக்கொள். கேரவனின் மூக்கை அதன்மேல் இறக்கி, முன்னாலிருக்கும் சின்னச் சக்கரத்தைச் சுற்றித் தூக்கிவிட்டால் முள் எடையைக் காட்டும். அதிகமாக இருந்தால் அரிசிப் பையை அரையடி பின்னால் நகர்த்து, மறுபடியும் பார். அரையடிக்கே முள் நகர்வதைப் பார்த்தால் உனக்கே வேடிக்கையாக இருக்கும்.

ஓட்டும்போது வால் ஆட ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாதே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடி, வேகம் தானாகக் குறையட்டும். பெரிய லாரி உன்னைத் தாண்டும்போதும், மலைச்சரிவில் இறங்கும்போதும் இந்த ஆட்டம் வரும். பிரிட்டனில் மோட்டார்வேயில் கேரவன் இழுக்கிறவனுக்கு 60 மைல்தான் சட்டம். அதற்கும் கீழே போனால் பின்னால் வருபவர்கள் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும்.

இனி உன் கவலைக்கு வருகிறேன். ஜெர்மனியில் ஏடிஏசி என்று 1903-இல் ஆரம்பித்த ஒரு பெரிய வாகன சங்கம் இருக்கிறது. அவர்கள் வழியில் நின்ற வண்டிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருஷா வருஷம் கணக்கு வெளியிடுவார்கள். அதில் 40 சதவீதத்துக்கும் மேல் பேட்டரியால் நின்றவை. கியர்பாக்ஸும் டர்போவும் ஆளை பயமுறுத்துகிற பெயர்கள், அதனால்தான் பேச்சில் அதிகம் வருகின்றன. பேட்டரியைப் பற்றி யாரும் பயந்து பேச மாட்டார்கள். உன் பேட்டரிக்கு வயது அஞ்சைத் தாண்டியிருந்தால் கிளம்புமுன் மாற்றிவிடு. அடுத்தது டயர். கேரவன் டயர் தேயாது, வருஷத்தில் பாதி நாள் வெயிலிலும் மழையிலும் நின்றபடியே கெடும். பட்டன் புதுசு மாதிரி இருக்கிறது என்று நண்பர் சொன்னால் நம்பாதே. டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் ஒன்றைத் தேடு. 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்தது. ஏழு வருஷம் தாண்டியதைப் போட்டுக்கொண்டு பிரான்ஸ் போக வேண்டாம், அஞ்சு தாண்டினாலே மாற்றுவது உத்தமம். செலவை நண்பரோடு பாதியாகப் பிரித்துக்கொள்ளக் கேள், தப்பில்லை. ஸ்டெப்னி டயரின் எண்ணையும் பார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டியை சர்வீஸுக்கு விடாதே. திருப்பதி போகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, விடியற்காலை நாலுக்குக் கிளம்ப வேண்டும் என்பார்கள். மெக்கானிக் கை வைத்த இடம்தான் முதல் கொஞ்ச தூரத்தில் தகராறு செய்யும். கிளிப் சரியாக இறுகாத ஹோஸ், சரியாகத் திருகாத ஆயில் போல்ட், காற்று வெளியேறாத கூலன்ட் எல்லாம் அப்போதுதான் தெரியவரும். ஒரு மாசத்துக்கு முன்னாலேயே சர்வீஸ் முடித்துவிட்டு, அந்த ஒரு மாசம் வேலைக்கு அதே காரில் போ. சர்வீஸின்போதே டைமிங் பெல்ட் மாற்றும் காலம் வந்துவிட்டதா என்று புத்தகத்தில் பார். பிரேக் ஆயிலையும் மாற்றச் சொல். டாட் 4 ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இழுத்து நாளாவட்டத்தில் 155 டிகிரியிலேயே கொதிக்கிற நிலைக்கு வந்துவிடும். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

உன் வழியில் ஒரு இடம் கவனிக்க வேண்டியது. ஏ75 நெடுஞ்சாலை நடு பிரான்ஸின் மலைப்பகுதியில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. 2004-இல் திறந்த மீயோ பாலம் அந்த ரோட்டில்தான் இருக்கிறது, குழந்தைக்குக் காட்டு. ஏலகிரியும் ஏறக்குறைய அந்த உயரம்தான். அங்கே பதினாலு வளைவு, ஊர்ந்து போவோம், ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காமல் சூடேறும். ஏ75-இல் அப்படிப்பட்ட வளைவு கிடையாது. நீண்ட ஏற்றம், ஆகஸ்ட் வெயில், கிட்டத்தட்ட மூன்று டன் பாரம், இன்ஜின் விடாமல் முழு மூச்சில் வேலை செய்யும். பச்சைத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி ஒரு பார் அழுத்தம் தாங்கினால் 120 வரை கொதிக்காது. அந்த மூடியின் ரப்பர் காய்ந்து விரிசல் விட்டிருந்தால் இந்த 20 டிகிரி உனக்கு இல்லை. விலை சொற்பம், புதுசு போடு. டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தால் ஏசியை நிறுத்து, ஹீட்டரை முழுசாகத் திற. உள்ளே வெந்துபோவாய், ஆனால் இன்ஜினின் சூடு கொஞ்சம் இறங்கும். கியரைக் குறைத்து மெதுவாகப் போ. அப்படியும் ஏறினால் ஓரம் கட்டு. சூட்டில் மூடியைத் திறக்காதே என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, மருமகளிடமும் சொல்லிவை.

இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்கு. ஏலகிரி அடிவாரத்தில் சனி, ஞாயிறு சாயங்காலம் போய் நின்றால் கருகிய வாசனை மூக்கைப் பிடுங்கும். அத்தனையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கிய கார்கள். கேரவனின் பிரேக் தனி மின்சாரத்திலோ காற்றிலோ ஓடுவதில்லை. நீ காரை நிறுத்தும்போது அது முன்னால் வந்து கொக்கியில் முட்டும், அந்த முட்டலில் கம்பி இழுத்து டிரம் பிரேக் பிடிக்கும். நீ விடாமல் மிதித்தால் அதுவும் விடாமல் பிடித்துக்கொண்டே வரும். முதல் அரைமணி ஓடியபின் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோ, தொடாதே. ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிரேக் ஒட்டியிருக்கிறது, இல்லையேல் பேரிங் போகிறது. வீல் நட்டையும் அப்போதே ஒருமுறை இறுக்கு.

விற்றுவிடவா என்று கேட்டாயே. கூலன்ட் குறைகிறதா, ஆயில் குடிக்கிறதா, குளிர்காலக் காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறதா, டாப் கியரில் திடீரென்று மிதித்தால் கிளட்ச் நழுவி இன்ஜின் மட்டும் கத்துகிறதா? இதற்கெல்லாம் பதில் சரியாக இருந்தால் விற்காதே. ஒரு மாடல் மோசம் என்று சொல்வது ஆயிரக்கணக்கான வண்டிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வது. உன்னிடம் இருப்பது ஒன்று, அதன் ஒன்பது வருஷமும் உனக்குத் தெரியும். ஜூலையில் வாங்குகிற வண்டி எவன் எப்படி ஓட்டியதோ. சந்தேகம் தீராவிட்டால் ஜூலையில் ஒரு ஞாயிறு முழுப் பாரத்தோடு பீக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் ஒரு மலை ஏறி இறங்கிவிட்டு வா. நிற்பதானால் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கட்டும்.

நின்றே போனாலும் வழி இருக்கிறது. நம் தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்குப் போன் செய்வது மாதிரி, பிரான்ஸின் கட்டண நெடுஞ்சாலைகளில் ஓரத்தில் ஆரஞ்சு நிறப் போன் வைத்திருப்பார்கள். அங்கே உன் இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள் வந்து இழுத்துப்போக முடியாது. அரசு அனுமதி பெற்றவன்தான் இழுக்க வேண்டும். அந்த ரசீதைத் தொலைக்காமல் வைத்தால் பிறகு பணம் கேட்டு வாங்கலாம். பளபளக்கும் மேல்சட்டை டிக்கியில் இருந்தால் பயனில்லை. இறங்குமுன் போட்டுக்கொள்ளும்படி சீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். முக்கோணப் பலகையும் சட்டப்படி கட்டாயம். எல்லாரும் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் காரின் வயது, கேரவனின் நீளம், எடை இவற்றுக்கு வரம்பு போட்டிருக்கிறதா என்று இந்த வாரமே படி. யூகே என்று எழுதிய ஸ்டிக்கர் கேரவனின் பின்னாலும் வேண்டும். லைசென்ஸ் விஷயத்தில் பயமில்லை. 2021 டிசம்பர் 16-லிருந்து, பிரிட்டனில் கார் லைசென்ஸ் வாங்கிய உன்னைப் போன்றவர்கள் தனியாக டெஸ்ட் கொடுக்காமல் 3,500 கிலோ வரை இழுக்கலாம்.

கடைசியாக ஒன்று. உன் அம்மா, குழந்தைக்கு வழியில் சோற்றில் போட வீட்டு நெய்யை எடுத்துப்போகச் சொல் என்கிறாள். பிரிட்டனிலிருந்து ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொன்னேன், நம்பவில்லை. நீயே போன் செய்து சொல்லிவிடு. எடைமேடைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா