கோலத்தின் இலக்கணமும் கணிப்பொறி வரைகலையும்

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில் அமைந்த சிங்காரப்பேட்டையிலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் படித்த இளைஞர் பலர் ஓசூர்த் தொழிற்சாலைகளை நாடிச் செல்வது நாம் அறிந்ததே. அங்கே உதிரி உறுப்புகளின் வரைபடங்கள் கணிப்பொறித் திரையில் உருவாகின்றன. அவ்வுலகுக்கும் தமிழ் பயின்றவருக்கும் தொடர்பே இல்லை என்னும் எண்ணம் நம் மாணவர் நெஞ்சில் வேரூன்றியுள்ளது. 'இலக்கணம் படித்து என்ன பயன்?' என வகுப்பறையில் எழும் வினாவை நாம் எளிதில் புறந்தள்ள இயலாது. அவ்வினாவுக்கு ஒரு விடையாக, தமிழகப் பெண்கள் வாசலில் இடும் கோலம் கணிப்பொறி வரைகலை ஆய்வின் தொடக்கக் காலத்திலேயே அதனுள் இடம்பெற்ற வரலாற்றை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரையும் புள்ளியும்

இந்தியாவில் உருவாக்கப்பட்ட முதற் கணிப்பொறிகளுள் ஒன்று, பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் ஆகும். அதன் நினைவகம் 2048 சொற்களை மட்டுமே கொள்ளும். ஆயினும், வரைபடங்களையும் எழுத்துகளையும் காட்டவல்ல எதிர்மின்கதிர்க் குழாய்த் திரை ஒன்று அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. அப்பணியில் முன்னின்றவர்களுள் ஒருவர் ஆர். நரசிம்மன். அவர் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, படங்களையும் மொழியைப்போல் இலக்கண விதிகளால் விளக்கலாம் என்னும் கருத்தை வளர்த்தார். 1963இல் ஐவன் சதர்லண்டு உருவாக்கிய ஸ்கெச்பேட் என்னும் மென்பொருள், ஒளிப்பேனாவால் திரையில் நேரடியாகப் படம் வரைய வழிகாட்டியது.

இன்றைய திரை என்பது புள்ளிகளின் நிரல். அதில் சாய்கோடு இழுப்பது எவ்வாறு? ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெசென்ஹாம் வகுத்து, 1965இல் வெளியிட்ட வழிமுறை இன்றளவும் கற்பிக்கப்படுகிறது. அது வரைபொறியின் பேனாவை நகர்த்துவதற்காக வகுக்கப்பட்டது. பின்னர்த் திரைக்கும் பொருந்தியது.

வலப்புறம் 5 புள்ளி நகரும்போது மேலே 2 புள்ளி ஏறவேண்டும் எனக் கொள்வோம். ஒவ்வோர் அடிக்கும் கணக்கில் 2 கூட்டவேண்டும். கணக்கின் இருமடங்கு 5ஐ விஞ்சினால் ஒரு புள்ளி மேலேறி, கணக்கிலிருந்து 5 கழிக்கவேண்டும். அவ்வாறு செய்தால் ஏறும் உயரம் 0, 0, 1, 1, 2, 2 என அமையும். பின்னமும் வகுத்தலும் தேவையில்லை. முழு எண்களின் கூட்டலும் கழித்தலும் போதும். விரைவு குறைந்த அக்காலப் பொறிகளுக்கு இது பெரும்பேறாக அமைந்தது. இத்தகைய படிமுறையைக் குறிக்கும் அல்காரிதம் என்னும் சொல், 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

தாம்பரத்தில் பிறந்த இலக்கணம்

நோம் சாம்ஸ்கி 1950களில் வகுத்த ஆக்கமுறை இலக்கணம், சில விதிகளைக் கொண்டு எண்ணற்ற தொடர்களை உருவாக்கலாம் என்று காட்டியது. லிண்டன்மேயர் 1968இல் உயிரணுக்களின் வளர்ச்சியை விளக்க ஒருவகை இலக்கணம் வகுத்தார். அவர் கருத்தை நம் எழுத்துகளால் விளக்குவோம். 'அ' என்பது 'அஆ' ஆகும். 'ஆ' என்பது 'அ' ஆகும். இவ்விரு விதிகளையும் எல்லா எழுத்துக்கும் ஒருசேரச் செலுத்தினால் அ, அஆ, அஆஅ, அஆஅஅஆ எனத் தொடர் வளரும். புணர்ச்சி விதிகளைப் பயின்ற தமிழ் மாணவருக்கு, குறித்த சூழலில் ஓரெழுத்து வேறாகத் திரியும் என்பது புதிய செய்தியன்று.

ஆனால் தொடர் ஒற்றை வரிசையில் செல்வது. படமோ அகலமும் உயரமும் உடையது. ஒரு வரிசையில் ஓர் உறுப்பின் இடத்தில் இரண்டை வைத்தால் அவ்வரிசை மட்டும் நீண்டு, மேலும் கீழும் உள்ளவற்றோடு பொருந்தாமற் போகும். இச்சிக்கலை எதிர்கொண்டவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும், அவர்களுடன் ஆய்ந்த கமலா கிருத்திவாசனும் ஆவர். 1972இல் கணிப்பொறி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழின் முதல் தொகுதியிலேயே அவர்களின் கட்டுரை வெளிவந்தது. முதலில் ஒரு கிடைவரிசையை உருவாக்கி, பின்னர் அதன் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே வேளையில் கீழ்நோக்கி வளர்ப்பது அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று. தறியில் பாவை முதலில் நிறுத்திப் பின் ஊடையை ஓட்டுவதுபோன்றது இது எனலாம். உயரம் ஒத்தவற்றைப் பக்கவாட்டிலும் அகலம் ஒத்தவற்றை மேல்கீழாகவும் இணைக்கும் விதிகளையும் அவர்கள் வகுத்தனர்.

1974இல் அதே இதழில் அம்மூவரும் கோலத்தையே பொருளாகக் கொண்டு எழுதினர். சிறு கோலம் ஒன்றை விதிப்படி பெருக்கிப் பெரிய கோலமாக்கும் முறையை அக்கட்டுரை இலக்கணமாக்கியது. கம்பிக் கோலத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கம்பி தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். எங்குத் தொடங்கினாலும் கோலம் ஒன்றே. ஆகவே தொடக்கமும் முடிவுமற்ற சுழல்தொடர்களுக்கு உரிய இலக்கணம் தேவைப்பட்டது. 1988இல் கிஃப்ட் சிரோமணி மறைந்தபின், நரசிம்மன் பதிப்பித்து 1989இல் வெளிவந்த நினைவுத் தொகுதியில் கம்பிக் கோலம் பற்றிய அவ்வாய்வு இடம்பெற்றது. கனடாவில் பணியாற்றிய புருசின்கீவிச் முதலிய வரைகலை அறிஞர்களும் கோலத்தைத் தம் ஆய்வுக்குள் கொண்டுவந்தனர்.

தரப்பாடும் கோலக் குறிப்பும்

தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு வரைபொறிக்கும் திரைக்கும் தனித்தனி ஆணைகள் இருந்தன. ஒன்றுக்கு எழுதிய மென்பொருள் மற்றொன்றில் இயங்காது. இக்குறையைப் போக்க, பன்னாட்டுத் தரப்பாட்டு நிறுவனம் 1985இல் ஜி.கே.எஸ். என்னும் வரைகலைத் தரப்பாட்டை ஏற்றது. கோடு, குறி, எழுத்து, நிரப்பிய பரப்பு ஆகியவற்றைக் கருவி எதுவாயினும் ஒரே முறையில் சொல்ல அது வழிசெய்தது. தமிழ் எழுத்துருக்களிலும் இதே இடர்ப்பாட்டை நாம் பட்டறிந்தோம். ஓர் எழுத்துருவில் அச்சிட்டது மற்றொன்றில் உருத்தெரியாமற் போன நிலைக்குத் தீர்வு காணவே 1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. 2010இல் ஒருங்குறி தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது.

நம் பெண்கள் இத்தகைய தரப்பாட்டை முன்பே கையாண்டனர். '7 புள்ளி, இடைப்புள்ளி 4 வரை' என்று ஒருவர் சொன்னால் மற்றவர் 7 புள்ளியை நடுவரிசையாக வைத்து, இருபுறமும் 6, 5, 4 எனக் குறைத்து 37 புள்ளிகளை இட்டுவிடுவார். '7 புள்ளி, நேர்ப்புள்ளி 1 வரை' என்றால் 7, 5, 3, 1 எனக் குறைந்து 25 புள்ளிகள் அமையும். அரிசிமாவோ சுண்ணப்பொடியோ, மண்தரையோ சிமென்டுத் தரையோ, குறிப்பு மாறுவதில்லை. கருநாடக எல்லையை ஒட்டிய நம் பகுதியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. பெயர் மொழிக்கு மொழி வேறுபடினும், புள்ளி வைத்து இழுக்கும் முறை எல்லை கடந்தும் நிலவுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, இலக்கண அறிவும் வரைகலை அறிவும் பகையல்ல. விதி வகுத்துப் பொருள் காணும் ஒரே மனப்பயிற்சியின் இரு கிளைகள். தாம்பரத்தில் அம்மூவரும் ஆய்வைத் தொடங்கியபோது அவர்களுக்குத் துணைநின்றது விலையுயர்ந்த பொறியன்று. வீட்டு வாசலைக் கூர்ந்து நோக்கிய கண்களே. மற்றொன்று, எழுத்தறியாத பெண்கள்கூட மனத்தில் வைத்திருந்த விதிகள் உலக ஆய்விதழில் அறிவாக ஏற்கப்பட்டன. ஆயினும் கோலம் இட்ட அக்கைகளின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

இன்று வாசல்களில் ஒட்டுத்தாள் கோலங்கள் பெருகிவிட்டன. அச்சிட்ட தாள் உருவத்தைக் காக்கும்; உருவாக்கும் விதியைக் காக்காது. ஆதலின் தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள மூதாட்டி ஒருவரிடம் அமர்ந்து, புள்ளிக் கணக்கு, நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா என்பது, கம்பிகளின் எண்ணிக்கை, கைசெல்லும் வரிசை ஆகியவற்றைக் கேட்டு, சொன்னவரின் பெயரோடு குறித்துவைத்தல் வேண்டும். ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் இதற்குப் போதும். 'இலக்கணம் படித்து என்ன பயன்?' என்று வினவிய மாணவர், அக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை எழுதும்போது விடையைத் தாமே கண்டுகொள்வார் என்பது நம் துணிபு.