ஜாவா ஹோம் நிக்கவே மாட்டேங்குதா?

தங்கச்சி, ஒவ்வொரு தடவையும் ஜாவாவையே எடுத்துட்டு புதுசா இன்ஸ்டால் பண்ணாத. ஸ்டார்ட் மெனுவுல 'என்விரான்மென்ட்'னு தேடி, வேரியபிள் பெட்டியைத் திறந்து பாரு. ஜாவா ஹோமுக்கு நீ வச்ச மதிப்பு அங்க இருக்கா, இல்லையா? இதுலயே பாதி வழக்கு தீர்ந்துடும்.

அங்க இருக்கு, டெர்மினல்ல மட்டும் வரலைன்னா, அது பழைய டெர்மினல். எந்த புரோகிராமும் திறக்கும்போது ஒரு நகலை வாங்கி வச்சுக்கும், அப்புறம் நீ மாத்துறது அதுக்குத் தெரியாது. விஎஸ் கோடுக்குள்ள டெர்மினலை மட்டும் மூடினா பத்தாது, விஎஸ் கோடையே முழுசா மூடித் திற.

பெட்டியிலயே இல்லையா? அப்ப 'செட்' கமாண்டுல வச்சிருப்ப. அது அந்த ஜன்னல் மூடுற வரைக்கும்தான். பவர்ஷெல் டாலர் என்வும் அப்படித்தான். பெட்டியிலயே எழுது, கடைசி ஓகே வரைக்கும் அழுத்து.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா கேளு. 'செட்எக்ஸ்' போட்டு பாத் வேரியபிளை நீட்டாத. பல பாடங்கள்ல அப்படித்தான் சொல்லித் தர்றாங்க, எனக்கு அதுல கோபமே வரும். செட்எக்ஸ் 1024 எழுத்தோட வெட்டிடும். சிஸ்டம் பாத்தையும் உன் பாத்தையும் ஒண்ணாக் கலந்து உன் கணக்குல கொட்டி, வாலை நறுக்கிடும். பைத்தான், கிட் எல்லாம் திடீர்னு காணாமப் போறது இதனாலயும்தான். பாத்தைத் தொடுறதுக்கு முன்னாடி முழுசையும் நோட்பேடுல காப்பி பண்ணி வை.

வீட்டுக் கம்ப்யூட்டர்ல அண்ணனோட அட்மின் பாஸ்வேர்ட் போட்டு அந்தப் பெட்டியைத் திறந்தியா? மேல் பெட்டித் தலைப்புல யார் பேர்னு பாரு. அண்ணன் பேர் இருந்தா, நீ எழுதுறதெல்லாம் அவன் கணக்குக்குப் போகுது. பாஸ்வேர்ட் கேட்காம 'உங்கள் அக்கவுன்ட்டுக்கு'ன்னு வர்ற வழியிலயே திற. மேல் பெட்டியிலயும் கீழ சிஸ்டம் பெட்டியிலயும் ஒரே வேரியபிள் பேர் இருந்தா மேல இருக்கறதுதான் செல்லும். பாத் மட்டும் விதிவிலக்கு, அதுல சிஸ்டம் பாத்தோட வால்ல உன்னோடது ஒட்டிக்கும்.

வேலைக்குப் போனப்புறம் ஆபீஸ் லேப்டாப்ல, சரியா எழுதியும் ஒண்ணு ஒன்றரை மணி நேரத்துல மாறுதுன்னா குரூப் பாலிசியைச் சந்தேகப்படு. வழக்கமா அது 90 நிமிஷத்துக்கு ஒருக்கா, சில சமயம் கொஞ்சம் தள்ளி, புதுப்பிச்சுக்கும். அதோட மல்லுக்கட்டாத. வேரியபிள் பேர், வேண்டிய மதிப்பு, எதுக்குன்னு மூணையும் எழுதி ஐடி டீமுக்கு டிக்கெட் போடு.