கல்லாப் பெட்டியும் கறி அடுப்பும்
பிரிட்டனில் குடியேறிய இரு சமூகங்கள்: ஓர் ஒப்பாய்வு

உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்ட குஜராத்திகள் வெறுங்கையோடு லண்டனில் இறங்கி, இருபதே ஆண்டுகளில் தெருவுக்குத் தெரு கடை வைத்து முன்னுக்கு வந்த கதை, வணிகர் கூட்டங்களில் அடிக்கடி சொல்லப்படுவது. மேடையில் பேசுவோர் அதோடு நிறுத்துவதில்லை. அதே பிரிட்டனில் குடியேறிய வங்காளதேச மக்கள் ஏன் அப்படி முன்னேறவில்லை என்று கேட்டு, வியாபாரம் ரத்தத்திலேயே ஊறியிருக்க வேண்டும் என்று தாமே பதிலும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது.

நாம் வியாபாரிகள். ரத்தத்தைச் சோதிப்பது நம் தொழில் அல்ல. பேரேட்டைப் பார்ப்பது நமக்குத் தெரியும். எனவே இந்த இரு சமூகத்தாரும் என்ன முதலோடு வந்தார்கள், யாரோடு வந்தார்கள், எந்தக் காலத்தில் வந்தார்கள் என்ற கணக்கை இங்கே சற்று விரித்துப் பார்ப்போம்.

உகாண்டாவிலிருந்து வந்தவர்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் சிறு கடைக்கு ‘டுக்கா’ என்று பெயர். இந்தியில் கடையைக் குறிக்கும் ‘துகான்’ என்ற சொல்லின் உறவுதான் அது. 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ஆங்கிலேயர் ரயில் பாதை போட்டபோது சுமார் 32,000 இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுபோகப்பட்டார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிட்டார்கள். கடை வைத்தவர்கள் வேறு ஆட்கள். குஜராத், கட்ச் பகுதிகளிலிருந்து தாமாகவே கடல் கடந்தவர்கள். கட்சிலிருந்து போன அல்லிதீனா விஸ்ராம் 1916-இல் காலமானபோது அந்த வட்டாரத்தில் பல ஊர்களில் கிளைக் கடைகள் வைத்திருந்தார். பின்னால் நான்ஜி காளிதாஸ் மேத்தா, மூல்ஜிபாய் மாத்வானி போன்றோர் சர்க்கரை ஆலை வைக்கும் அளவுக்கு வளர்ந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் நம்மைப் போல் உப்பு, துணி, மண்ணெண்ணெய் விற்ற நடுத்தரக் கடைக்காரர்களும் குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும்தான்.

1972 ஆகஸ்ட் மாதம் இடி அமீன் 90 நாள் கெடு வைத்தார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களில் சுமார் 28,000 பேர் பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். கையில் எடுத்துப் போக அனுமதித்த பணம் சுமார் 50 பவுண்டு. கடை, வீடு, சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாம் அங்கேயே நின்றது. லெஸ்டர் நகராட்சி, ‘எங்கள் ஊருக்கு வராதீர்கள்’ என்ற பொருளில் உகாண்டாப் பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தது. அந்த விளம்பரம் வந்த பிறகும் அவர்கள் ஆயிரக்கணக்கில் லெஸ்டருக்குத்தான் போனார்கள். ஏன் போனார்கள் என்பதில்தான் நம் கணக்கின் முதல் வரி இருக்கிறது.

லெஸ்டரில் அவர்களுக்கு முன்பே உறவினர்கள் இருந்தார்கள். கென்யா 1967-இல் வியாபார உரிமச் சட்டம் கொண்டுவந்து, குடிமக்கள் அல்லாதார் கடை நடத்துவதைக் கட்டுப்படுத்தியபோதே பல குடும்பங்கள் பிரிட்டனுக்கு வந்துவிட்டன. ஆகவே 1972-இல் வந்தவருக்குத் தங்க ஓர் அறையும், வேலைக்குப் பரிந்துரைக்க ஒரு மாமனோ மைத்துனனோ இருந்தார். சிலர் நிலைமை மோசமாவதை முன்பே உணர்ந்து கொஞ்சம் பணத்தை வெளியே அனுப்பியும் இருந்தார்கள். இவற்றையெல்லாம் விமான நிலையத்தில் யாரும் சோதனை போட்டுப் பிடுங்க முடியாது. அவர்கள் கற்ற ஆங்கிலத்தையும், பற்று வரவு எழுதும் பழக்கத்தையும், மொத்த வியாபாரியிடம் தவணை பேசும் நாவையும்கூட யாரும் பறிமுதல் செய்ய முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக அவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள்.

இன்னொன்றையும் மேடைப் பேச்சாளர்கள் விட்டுவிடுகிறார்கள். வந்த மறுநாளே யாரும் கடை திறக்கவில்லை. பெரும்பாலோர் முதலில் ஆலை வேலைக்குத்தான் போனார்கள். லெஸ்டரின் பின்னலாடை ஆலைகளில் பெண்களும், டைப்ரைட்டர் ஆலைகளில் ஆண்களும் பெண்களும் உழைத்தார்கள். அந்த ஊர் இம்பீரியல் டைப்ரைட்டர் ஆலையில் 1974-இல் இந்தியத் தொழிலாளர்கள் பாரபட்சத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். லண்டன் கிரன்விக் புகைப்பட நிறுவனத்தில் 1976-இல் தொடங்கி 1978 வரை நடந்த போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஜெயாபென் தேசாய். தான்சானியாவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்மணி. கணவன், மனைவி, வளர்ந்த மகன் என்று மூன்று சம்பளம் ஒரே வீட்டுக்கு வந்ததால்தான் சில ஆண்டுகளில் கடைக்கு முன்பணம் சேர்ந்தது.

கடை எப்படிக் கிடைத்தது?

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பிரிட்டனில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலான சரக்குகளுக்கு உற்பத்தியாளர் நிர்ணயித்த விலையில்தான் சில்லறைக் கடைக்காரர் விற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு போய்விட்டது. சூப்பர் மார்க்கெட்டுகள் விலையைக் குறைத்து அடித்தன. மூலைக்கடை வைத்திருந்த ஆங்கிலேயருக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் கடைக்கு வர மறுத்தார்கள். இப்படிக் கைவிடப்பட்ட செய்தித்தாள், சிகரெட், மிட்டாய்க் கடைகளையும் மளிகைக் கடைகளையும்தான் குஜராத்திகள் மலிவாக வாங்கினார்கள். ஆங்கிலேயருக்குக் கட்டுப்படியாகாத கடை இவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியானது?

செய்தித்தாள் கட்டு வந்து விழும் விடியற்காலையில் கதவைத் திறந்து இரவு பத்து மணிக்கு மூடினார்கள். கடைக்கு மேலேயே குடியிருந்ததால் வாடகை ஒன்றோடு போயிற்று. மனைவி கல்லாவில், தந்தை சரக்கு அடுக்குவதில், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்ததும் பில் போடுவதில். கூலி என்று பேரேட்டில் ஒரு காசு ஏறவில்லை. இவர்கள் கூலியையும் சந்தை விலையில் எழுதியிருந்தால் அந்தக் கடைகளில் பல நஷ்டக் கணக்கே காட்டியிருக்கும் என்பது நம் கருத்து. (நம் கடைகள் சிலவற்றிலும் அப்படி எழுதிப் பார்த்தால் தெரியும்.) சிறிது காலத்தில் மொத்த வியாபாரமும் அவர்கள் கைக்கு வந்தது. உகாண்டாவிலிருந்து வந்த தமேச்சா சகோதரர்கள் வெம்பிளியில் தொடங்கிய ‘கேஷ் அண்ட் கேரி’ கிடங்கு அதற்கு ஓர் உதாரணம். ரொக்கம் கொடுத்துச் சரக்கைத் தாமே வண்டியில் ஏற்றிச் செல்லும் முறை, சிறிய அளவில் கொள்முதல் செய்பவருக்கு மிகவும் ஒத்துப்போயிற்று.

சில்ஹெட்டிலிருந்து வந்தவர்கள்

பிரிட்டனின் வங்காளதேசத்தவரில் பெரும்பாலோர் சில்ஹெட் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட நீராவிக் கப்பல்களில் கொதிகலன் அறையில் கரி தள்ளிய லஸ்கர்கள்தான் இவர்களின் முன்னோடிகள். அந்த வெப்பம் தாங்காமல் லண்டன் துறைமுகத்தில் இறங்கித் தலைமறைவானவர்களும் உண்டு. அவர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தவர் அயூப் அலி மாஸ்டர் என்ற சில்ஹெட்காரர். லண்டனில் சிறு காப்பிக் கடை நடத்திய அவர், 1943-இல் இந்தியக் கப்பல் தொழிலாளர் நலச் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர்.

1950-களிலும் 1960-களிலும் வந்தவர்கள் தனி ஆண்கள், சிறு விவசாயிகளின் பிள்ளைகள். ஆங்கிலம் தெரியாது, கணக்கு எழுதிப் பழக்கமில்லை. நாலு காசு சேர்த்து ஊருக்குத் திரும்பிவிடுவதுதான் எண்ணம். எனவே ஒரே அறையில் முறை வைத்துத் தூங்கி, மிச்சம் பிடித்த பணத்தைச் சில்ஹெட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே நிலமும் மாடி வீடுமாக எழும்பியது. ‘லண்டனி’ என்று ஊரார் மரியாதையாக அழைத்தார்கள். லண்டனிலோ அந்த மனிதருக்கு ஒரு கட்டிலுக்கு மேல் சொத்து இல்லை. இதை அறியாமை என்று சொல்வதற்கில்லை. திரும்பிப் போக வழி உள்ளவன் ஊரில் முதல் போடுவான். வழி அடைக்கப்பட்டவன் இருக்கிற இடத்தில் போடுவான். உகாண்டாக்காரருக்குத் திரும்பிப் போக இடமில்லை என்பதே ஒரு வகையில் அவர்கள் முதலை லண்டனிலும் லெஸ்டரிலும் தங்கவைத்தது.

குடிவரவுச் சட்டங்கள் 1962 முதல் இறுகத் தொடங்கின. போய்விட்டு மறுபடி வர முடியாமல் போகுமோ என்ற அச்சத்தில் இவர்கள் மனைவி மக்களை வரவழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது 1970-களின் பிற்பகுதியிலும் 1980-களிலும். வந்த காலம் மிகக் கெட்ட காலம். லண்டன் துறைமுகங்கள் ஒவ்வொன்றாக மூடி, கடைசியில் 1981-இல் ராயல் டாக்ஸும் மூடியது. நூற்பாலைகள் சரிந்தன. மிஞ்சியது கிழக்கு லண்டன் தையல் பட்டறைகள். பெண்கள் வீட்டிலேயே உருப்படிக்கு இவ்வளவு என்று தைத்தார்கள். தெருவில் நடக்கவும் அஞ்ச வேண்டியிருந்தது. 1978 மே 4-ஆம் தேதி அல்தாப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி வேலை முடிந்து போகும் வழியில் கொல்லப்பட்டார். பத்து நாள் கழித்து ஆயிரக்கணக்கானோர் சவப்பெட்டியின் பின்னே பிரதமர் இல்லம் வரை ஊர்வலம் போனார்கள்.

1994-இல் சிறுபான்மையினரைப் பற்றி எடுத்த தேசிய ஆய்வில் இரு சமூகங்களின் இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தியர்கள் வேலையிலும் வருமானத்திலும் வெள்ளையரை ஏறக்குறைய எட்டிவிட்டிருந்தார்கள். பாகிஸ்தான், வங்காளதேசக் குடும்பங்களில் ஐந்தில் நான்கு, நாட்டின் சராசரி வருமானத்தில் பாதிக்கும் கீழே இருந்தன.

உணவு விடுதிக் கணக்கு

வங்காளதேசத்தவருக்கு வியாபாரம் வராது என்பவர்களுக்கு ஒரு செய்தி: பிரிட்டனில் ‘இந்தியன் ரெஸ்டாரண்ட்’ என்று பெயர்ப்பலகை போட்டவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் சில்ஹெட்காரர்களே. உலகப் போருக்குப் பின் குண்டு விழுந்து சிதைந்த பகுதிகளில் மீன் வறுவல் கடைகளை மலிவாக வாங்கினார்கள். மீனும் உருளைக்கிழங்கும் விற்றுக்கொண்டே ஓரத்தில் கறியும் சோறும் வைத்தார்கள். மதுக்கடைகள் மூடிய பிறகும் திறந்து வைத்திருந்ததால் இரவு வாடிக்கை பெருகியது.

ஆனால் அந்தத் தொழிலின் கணக்கு வேறு. மளிகைக் கடையில் மனைவி கல்லாவில் உட்காரலாம். நள்ளிரவு வரை குடித்துவிட்டு வருவோருக்குப் பரிமாறும் இடத்துக்கு அவர்கள் தம் வீட்டுப் பெண்களை அனுப்பவில்லை. ஆகவே ஆட்கூலி எழுதியே ஆக வேண்டும். பல இடங்களில் உறவினர் நாலைந்து பேர் கூட்டாகப் பணம் போட்டதால் லாபமும் அத்தனை பங்காகப் பிரிந்தது. பரிமாற வந்தவர் சமையல் பழகி, கூட்டுச் சேர்ந்து, பக்கத்துத் தெருவிலேயே அதே பதார்த்தப் பட்டியலோடு இன்னொரு விடுதி திறந்தார். விலையைக் குறைப்பதைத் தவிர போட்டிக்கு வழியில்லை. வரியும் பாருங்கள்: பிரிட்டனில் பெரும்பாலான மளிகை உணவுப் பொருளுக்கு மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம், விடுதியில் பரிமாறும் சாப்பாட்டுக்கு 2011 முதல் வழக்கமான விகிதம் 20 சதவீதம்.

அடுத்த தலைமுறை

பிள்ளைகள் விஷயத்தில் இரு சமூகமும் ஒரே பக்கம் வந்து நிற்கின்றன. குஜராத்திக் கடைக்காரரின் பிள்ளைகள் மருந்தாளுநர்களாகவும் ஆடிட்டர்களாகவும் மருத்துவர்களாகவும் போனார்கள். வங்காளதேசத்தவர் செறிந்து வாழும் டவர் ஹாம்லெட்ஸ் வட்டாரம் 1997-இல் இங்கிலாந்தின் கல்வி வட்டாரத் தரவரிசையில் கடைசி இடம். பள்ளிகளுக்குப் பணமும் நல்ல ஆசிரியர்களும் வந்து, பெற்றோரும் ஒத்துழைத்ததில், பிறகு வந்த ஆண்டுகளில் வங்காளதேச மாணவர்கள் பள்ளி இறுதித் தேர்வில் வெள்ளையர் பிள்ளைகளையே முந்தினார்கள். ரத்தத்தில் ஊறவில்லை என்று பேசியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? வறுமை தீர்ந்துவிட்டது என்பதல்ல. இன்றும் ஏழைக் குடும்பங்களின் விகிதம் அவர்களிடையே அதிகம். எனினும் திசை மாறிவிட்டது. விடுதிகளுக்குச் சமையல்காரர் கிடைக்காமல் போனதற்கு, வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் சட்டம் இறுகியது ஒரு காரணம். சொந்தப் பிள்ளைகள் அடுப்படிக்கு வராதது இன்னொரு காரணம்.

மூலைக்கடைகளுக்கு வேறு ஆபத்தும் வந்தது. 1994-ஆம் ஆண்டு ஞாயிறு வணிகச் சட்டம், 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரமே திறக்கலாம் என்றும், சிறு கடைகளுக்குக் கட்டுப்பாடு இல்லை என்றும் வகுத்தது. சிறு கடைக்காரர் மகிழ்ந்தார்கள். பெரிய நிறுவனங்கள் என்ன செய்தன? அந்த அளவுக்குள் அடங்கும் சிறு கடைகளைத் தாமே திறந்தன. டெஸ்கோ நிறுவனத்தின் ‘எக்ஸ்பிரஸ்’ கடைகள் தொடங்கியதும் அதே 1994-இல்தான். சிறியவனுக்கு வைத்த வாசலில் பெரியவன் குனிந்து நுழைந்துவிட்டான்.

பிள்ளைகள் வராத குஜராத்திக் கடைகள் பலவற்றை வாங்கியவர்களில் இலங்கைத் தமிழர்களும் உண்டு. 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்தவர்கள், பெட்ரோல் நிலையங்களிலும் கடைகளிலும் இரவு வேலை பார்த்து, தங்களுக்குள் சீட்டுப் பிடித்து முன்பணம் சேர்த்தார்கள். அந்த லண்டன் சீட்டு எப்படி நடந்தது, அதில் நின்றவர் யார், விழுந்தவர் யார் என்பதற்குத் தனி இடம் வேண்டும். வேறோர் இதழில் அதைப் பார்ப்போம்.