5,127ஆவது மாதிரி

மாணவர்களே, ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்தில் புத்தாக்கச் செயல்திட்டம் கொடுத்தவுடன் பலர் முதலில் ஓர் அழகான படத்தை வரைந்துவிடுகிறார்கள். தேர்ந்த வடிவமைப்பாளர்கள் சிக்கலிலிருந்து தொடங்குவார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டைசன் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

சிக்கல் எங்கே?

1970களின் இறுதியில், தம் வீட்டுத் தூசு உறிஞ்சி சரியாக இழுக்காததை டைசன் கவனித்தார். அக்காலக் கருவிகளில் தூசு ஒரு பையில் சேரும். காற்று பையின் நுண்துளைகள் வழியாக வெளியேறும். மெல்லிய தூசு அத்துளைகளை அடைத்தால் காற்றோட்டம் குறையும். உறிஞ்சும் ஆற்றலும் குறையும். குறை மோட்டாரில் இல்லை, பையில் இருந்தது.

விடை எங்கே?

மர ஆலைகளில் மரத்தூளைப் பிரிக்கப் பெரிய கூம்புகளைப் பயன்படுத்துவார்கள். காற்று கூம்பின் சுவரை ஒட்டி நுழைந்து வேகமாகச் சுழலும். பேருந்து சட்டென வளையும்போது நீங்கள் ஒரு பக்கமாகச் சாய்கிறீர்கள் அல்லவா? அதற்குக் காரணமான நிலைமம் இங்கேயும் வேலை செய்கிறது. தூசு காற்றோடு சேர்ந்து வளைய முடியாமல் சுவரில் மோதிக் கீழே விழும். தூய காற்று நடுவழியாக மேலே செல்லும். பையே தேவையில்லை!

ஒரு முறைக்கு ஒரு மாற்றம்

டைசன் முதலில் அட்டையையும் ஒட்டுநாடாவையும் கொண்டு ஒரு கூம்பு செய்து, பழைய கருவியில் பொருத்திப் பார்த்தார். பிறகு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உழைத்தார். ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தார். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால், எது பலன் தந்தது என்று எப்படித் தெரியும்? நாம் ஆய்வில் தற்சார்பு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றைக் கட்டுப்படுத்துவதும் இதற்காகவே. அவர் எதிர்பார்த்தபடி வேலை செய்தது 5,127ஆவது மாதிரி.

எடுத்துச் சொல்வது எப்படி?

கருவி தயாரானாலும் பெரிய நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. மாற்றுப் பைகளை விற்பதிலும் அவற்றுக்கு வருமானம் இருந்தது. கேட்பவருக்கு எது முக்கியம் என்பதை அறியாமல் நல்ல எண்ணத்தைக்கூட விற்க முடியாது. பின்னர் ஜப்பானிய நிறுவனம் ஒன்று முன்வர, 1986இல் அக்கருவி அங்கு விற்பனைக்கு வந்தது. 1993இல் டைசன் தம் சொந்தப் பெயரில் பிரிட்டனில் அறிமுகப்படுத்தினார். அதன் தூசுக் கலனை ஒளி ஊடுருவும்படி அமைத்தார். அழுக்கை யார் பார்க்க விரும்புவார் என்று சிலர் தயங்கினர். ஆனால், கருவி வேலை செய்வதற்கு அந்த அழுக்கே கண்கண்ட சான்றாயிற்று.

உங்கள் செயல்திட்டத்துக்கு

1. சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். யாருக்கு, எப்போது, ஏன் அது ஏற்படுகிறது?
2. மலிவான பொருளால் முதல் மாதிரியைச் செய்யுங்கள்.
3. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, முடிவை அட்டவணையில் குறியுங்கள். தோற்ற மாதிரிகளையும் விட்டுவிடாதீர்கள்.
4. படைக்கும்போது சிக்கலை முதலில் சொல்லுங்கள். மாதிரியை இயக்கிக் காட்டுங்கள். பிறகு அட்டவணையைக் காட்டுங்கள்.

“ஏன் இந்த அளவு? ஏன் இந்த வடிவம்?” என்று ஆசிரியர் கேட்டால், பதில் உங்கள் அட்டவணையிலேயே இருக்கும்.

சிந்திக்க: கூம்பின் சாய்வு, காற்று நுழையும் குழாயின் அகலம் ஆகிய இரண்டையும் சோதிக்க வேண்டுமானால், உங்கள் ஆய்வை எப்படித் திட்டமிடுவீர்கள்?