மின் சரக்குந்து

விடியுமுன் தில்லி ஆசாத்பூர் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றும் ஓட்டுநர் ஒருவர், முதலில் மின்கலத்தின் இருப்பைப் பார்க்கிறார். அவருடையது டாட்டா நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஏஸ் மின் சரக்குந்து. அதன் மின்கலம் 21.3 யூனிட் மின்சாரம் கொள்ளும். ஒருமுறை மின்னேற்றினால் 154 கிலோமீட்டர் ஓடும் என்பது சோதனைக் கணக்கு. சாலையில் அக்கணக்கு அப்படியே செல்லாது. சுமை மிகுந்தால் தொலைவு குறையும்; மார்கழிக் குளிரில் மேலும் குறையும். நெரிசலிலும் ஓர் ஆதாயம் உண்டு: வேகம் தணியும்போது சக்கரச் சுழற்சியின் ஒரு பகுதி மின்சாரமாகி மின்கலத்தை அடைகிறது. அவர் வாழும் குறுகிய தெருவில் மின்னேற்ற வசதியில்லை. ஆதலால் கடைசிக் கூடையை இறக்கியதும், வீடு திரும்பாமல் மின்னேற்று நிலையத்தில் தம் முறைக்காகக் காத்திருக்கிறார்.

சிந்தித்து எழுதுக: மின்கலத்தில் பாதி இருப்பே உள்ள குளிர்நாளில், 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்கு அவர் முழுச் சுமையுடன் புறப்படலாமா?