மரவள்ளிக் கணக்கில் ஜாங்கோ பழகியது

வெப் அப்ளிகேஷன் எழுத எந்த ஃபிரேம்வொர்க்கில் தொடங்கலாம் என்று கேட்டு வருகிற கல்லூரிப் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது, "உங்க வீட்ல யாரு கணக்கு நோட்டு எழுதுறாங்க?" என்பதைத்தான். யாராவது ஒருவர் இருப்பார். பால் கணக்கு, சுய உதவிக் குழுக் கணக்கு, சங்கராபுரத்தில் வட்டிக்கடை, கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பப் பட்டறை. எனக்கு வாய்த்தது சின்னசேலம் பக்கம் மரவள்ளி வாங்கி சேகோ ஆலைக்கு அனுப்பும் மாமாவின் நோட்டு.

பைத்தானில் எழுதிய ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கின் சொந்தப் பாடம் ஒரு வாக்கெடுப்புத் தளம் கட்டச் சொல்லித் தரும். அதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை செய்தால் மாடல், வியூ, டெம்ப்ளேட் மூன்றும் எங்கே உட்காருகின்றன என்று கை பழகிவிடும். ஆனால் அதில் எதுவும் நம்மை எதிர்த்து நிற்காது. நோட்டுக்காரர் எதிர்த்து நிற்பார்.

மரவள்ளிக்கு விலை போடும் முறை வெளியூர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்கலாம். கிழங்கில் உள்ள மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' என்பார்கள். ஒரு பாயிண்டின் அன்றைய விலையைப் பாயிண்ட் எண்ணிக்கையால் பெருக்கினால் டன் விலை வரும். 28 பாயிண்ட் கிழங்குக்கும் 24 பாயிண்ட் கிழங்குக்கும் எடை ஒன்றாக இருந்தாலும் பணம் வேறு. அதில் வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, வாங்கிய முன்பணம் எல்லாம் கழியும். கணினியைத் திறக்கும் முன் மாமாவை உட்கார வைத்து இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அப்போது அவர் போகிற போக்கில் சொன்னார்: "நேத்து ஏத்துன லோடுக்கு நேத்து ரேட்டுதான் மாப்ள. இன்னிக்கு ஏறுனாலும் அது நமக்கில்ல."

இந்த ஒரு வரிதான் டேட்டாபேஸ் வடிவமைப்பில் நான் படித்த முதல் பாடம். இன்றைய விலைக்கு ஓர் அட்டவணை வைத்து, ஒவ்வொரு லோடும் அதைப் பார்த்துக் கணக்குப் போடும்படி எழுதினால், விலை மாறும்போதெல்லாம் பழைய பட்டியல்களும் சேர்ந்து மாறும். ஆகவே லோடு பதியும்போதே அன்றைய விலையை அந்த வரிசையிலேயே நகலெடுத்து வைக்க வேண்டும். பணத்துக்கு ஃப்ளோட் வேண்டாம், டெசிமல் ஃபீல்டு போடுங்கள். பைசாக் கணக்கு பிசகினால் உங்களை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏன் ஜாங்கோ? அது 2003-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் உருவானது. ஏட்ரியன் ஹொலொவாட்டியும் சைமன் வில்லிசனும் செய்தியறையின் அவசரத்துக்காக எழுதியது, 2005-இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. நிரல் தெரியாதவர் தகவலைப் பதிந்து திருத்த வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்ததால், மாடலை எழுதிப் பதிவு செய்ததுமே அட்மின் பக்கம் தானாகக் கிடைத்துவிடுகிறது. நோட்டுக் கணக்குக்கு இதைவிட என்ன வேண்டும்? பிஎச்பி தெரிந்தவர் லாராவெல் எடுக்கலாம், தவறில்லை. ரியாக்டில் தொடங்குவதைத்தான் நான் ஊக்குவிப்பதில்லை. கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறினால் சிக்னல் வரும், போகும். சர்வரிலேயே தயாராகி வரும் சாதாரண எச்டிஎம்எல் பக்கம் அங்கே திறந்துவிடும். பெரிய ஜாவாஸ்கிரிப்ட் மூட்டை இறங்கி முடியும்வரை வெள்ளைத் திரைதான்.

கற்பதற்கும் இணையம் எப்போதும் இருக்க வேண்டியதில்லை. ஜாங்கோவின் ஆவணங்களைப் பிடிஎஃப் ஆகவே இறக்கிக்கொள்ளலாம். மலையிலிருந்து கீழே வரும்போது 'பிப் டவுன்லோட்' கொடுத்துத் தேவையான பொதிகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டால், மலைமேல் வெள்ளிமலையில் உட்கார்ந்து இணையமில்லாமல் நிறுவலாம். மடிக்கணினி பழசாக, விண்டோஸ் 7 ஓடுவதாக இருந்தால் அதில் பைத்தான் 3.8-க்கு மேல் ஏறாது. அதற்கு ஒத்துவரும் கடைசி ஜாங்கோ 4.2. பழகுவதற்கு அது போதும், இணையத்தில் ஏற்றுவதற்கு வேண்டாம். லினக்ஸ் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ரன்சர்வரை 0.0.0.0:8000 என்று ஓட்டி, மடிக்கணினியின் ஐபி எண்ணை அனுமதித்த ஹோஸ்ட்டுகளின் பட்டியலில் சேர்த்துவிட்டால், ஹாட்ஸ்பாட்டில் இணைந்த எந்தப் போனிலும் டேட்டா இல்லாமலே பக்கம் திறக்கும். மாமா முதலில் பார்த்தது அப்படித்தான்.

இனி, ஆங்கிலப் பாடங்களில் அதிகம் வராத பகுதி. ஜாங்கோவின் பயனர் மாடலில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். நமக்குக் கடைசிப் பெயர் ஏது? தலைப்பெழுத்துத்தான். மலைக் கிராமங்களில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், ஆகவே தகப்பனார் பெயரும் ஊரும் சேர்ந்தால்தான் ஆளைப் பிரித்தறிய முடியும். சொந்தப் பயனர் மாடலை முதல் மைக்ரேஷனுக்கு முன்பே அமைத்துவிடுங்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பெயர்க் கட்டத்துக்கு நீளம் கொடுக்கும்போது தாராளமாகக் கொடுங்கள். 'கள்ளக்குறிச்சி' நமக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு என்பதால் பைத்தானுக்கு அது 14. பக்க முகவரிக்காக ஸ்லக் உருவாக்கும் வசதியில் 'கல்வராயன்' என்று கொடுத்தால் ஒன்றுமே வராது. யூனிகோடை அனுமதிக்கும் தேர்வைப் போட்டாலோ 'கலவரயன' என்று வரும், மலையே கலவரமாகிவிடும். முகவரியில் எண்ணை வைத்துக்கொள்வதே நிம்மதி. 'கோமுகி' என்பதில் உள்ள 'கோ'வை ஒரு கீபோர்டு ஒற்றைக் குறியாகவும் இன்னொன்று இரண்டு துண்டாகவும் எழுதக்கூடும். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் தேடினால் கிடைக்காது. சேமிக்கும் முன், ஒற்றைக் குறியாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும், பைத்தானிலேயே அதற்கு வழி இருக்கிறது. வரிசைப்படுத்தினால் 'கனகா' முன்னால் வந்து 'கபிலன்' பின்னால் போவார், யூனிகோடில் ன-வுக்குப் பிறகுதான் ப. அகரவரிசை சரியாக வேண்டுமென்றால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் கைகொடுக்கும்.

மாவட்டப் பெயரை நிரலுக்குள் எழுதி வைக்காமல் அட்டவணையில் வையுங்கள். 2019 நவம்பர் 26 வரை நாங்களெல்லாம் விழுப்புரம் மாவட்டம், அதன் பிறகு கள்ளக்குறிச்சி. இன்றும் பழைய பட்டியல்களை இறக்கினால் வெள்ளிமலை விழுப்புரத்திலேயே கிடக்கும்.

மின்சாரம் போகிற ஊரில் பேக்கப் முக்கியம். டேட்டாபேஸ் எஸ்க்யூலைட் என்பதால் மொத்தக் கணக்கும் ஒரே கோப்பு. சர்வரை நிறுத்திவிட்டு அதைப் பென்டிரைவில் நகலெடுத்தால் வேலை முடிந்தது. மாமா காகித நோட்டையும் விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. ஒரு பருவம் முழுக்க இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை, நியாயமானதுதான்.

தனியாகப் படிப்பவர்களுக்குத் துணை இருக்கிறது. விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகவே பயிற்சி தருகிறது. கணியம் இதழில் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகள் கிடைக்கும். யாரிடம் கேட்டாலும் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். பிழைச் செய்தி முழுவதையும் எழுத்தாக ஒட்டுங்கள். அதற்கு முன், அதன் கடைசி வரியை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். என்னிடம் கேட்க வந்தவர்களில் பலர் அந்த வரியை வாய்விட்டுப் படிக்கும்போதே, "இருங்கண்ணா, தெரிஞ்சிடுச்சி" என்று போயிருக்கிறார்கள்.